பெயின்ற்றுக்கு முன்னம் பிரேக்: பழைய லொறிகளைப் பற்றிக் கொஞ்சம் கதைப்போம்

பழைய லொறி ஒன்றைக் கறளிலிருந்து மீட்டு றோட்டில் விடுகிறவர்கள் எங்களுக்குப் பிடித்தமான ஆட்கள். கோழி அடைகாத்த கபினைக் கழுவி, உக்கிப்போன பலகையைக் கழற்றி, வருசக்கணக்காகக் காசு சேர்த்து ஒரு பெட்போர்ட்டையோ செவர்லேயையோ உயிர்ப்பிக்கிறது லேசுப்பட்ட வேலையில்லை. ஆனால் அப்படி மீண்டு வந்த லொறிகளின் படங்கள் முகநூலில் வரும்போது கீழே வருகிற கேள்விகளைப் பாருங்கள். பெயின்ற் பழைய நிறம்தானா? எஞ்சின் ஒறிஜினலா? ஹோர்ன் அந்த ரப்பர் ஹோர்ன்தானா? "பிரேக் எப்பிடி?" எண்டு மட்டும் ஒருத்தரும் கேக்கிறதில்லை.

எங்கட கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பழைய லொறியை முற்றத்தில் நிறுத்தி வைத்துப் பார்க்கிறதென்றால் அதை எப்படி வேண்டுமானாலும் வைத்திருங்கள். ஆனால் அதில் ஆட்களை ஏற்றி றோட்டில் ஓட்டுகிறதென்றால் பிரேக்கையும் முன்பக்க சஸ்பென்ஷனையும் இந்தக் காலத்து றோட்டுக்கு ஏற்ற நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பிறகுதான் பெயின்ற். இது மரபுக்கு எதிரான கதை இல்லை. மரபு றோட்டில் தொடர்ந்து ஓட வேண்டும் எண்டு விரும்புகிறவர்களின் கதை.

"கலைப்பீடத்துப் பிள்ளையளுக்கு பிரேக்கில என்ன வேலை?" எண்டு கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாங்கள் மெக்கானிக்குகள் இல்லை. இந்த லொறிகளைப் பற்றிக் கவிதை எழுதுகிறவர்களும், படம் எடுக்கிறவர்களும், கலியாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாடகைக்குப் பிடித்து ஏறிப் போகிறவர்களும் நாங்கள்தான். ஏறுகிறவனுக்கு, அது நிற்குமா எண்டு கேட்க உரிமை இருக்கிறது. பக்கத்தில் சைக்கிளில் போகிறவனுக்கு இன்னும் கூடுதலான உரிமை இருக்கிறது. லொறிக்காரர் அந்த ஆபத்தைத் தெரிந்து எடுத்துக்கொண்டவர். சைக்கிளில் போகிற பிள்ளையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

தட்டிவான் எப்போதுமே ஒரு கலவைதான்

யாழ்ப்பாணத்தில் பழைய லொறி எண்டாலே எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருவது தட்டிவான். கொடிகாமச் சந்தையையும் பருத்தித்துறை றோட்டையும் அதை விட்டுவிட்டு நினைக்கவே முடியாத ஒரு தலைமுறை இன்னமும் இருக்கிறது. செவர்லே, போர்ட், பெட்போர்ட் போன்ற வெளிநாட்டு லொறிகளின் சேஸியும் எஞ்சினும் கப்பலில் வந்தன. அதற்கு மேல் எங்கட தச்சர்கள் மரத்தால் உடம்பு கட்டினார்கள். பக்கங்கள் திறந்தபடி, உள்ளே வாங்குகள், பின்னால் சங்கிலியில் தொங்குகிற தட்டி. அந்தத் தட்டியில் தேங்காய் மூட்டை, மரக்கறிக் கடகம், மீன் கூடை, சைக்கிள் எல்லாம் ஏறும். இடம் இல்லையென்றால் ஆளும் ஏறும்.

இந்த வாகனங்களின் வம்சாவளியே கலப்புத்தான். பெட்போர்ட் என்ற பெயர் 1931இல்தான் வந்தது. அமெரிக்க ஜெனரல் மோட்டர்ஸுக்குச் சொந்தமான வொக்ஸோல் கம்பெனி, அதுவரை இங்கிலாந்தில் பொருத்தி விற்ற செவர்லே லொறியைத் திருத்தி, தன் சொந்தப் பெயரில் விற்கத் தொடங்கியபோது பிறந்தது அது. ஆக அமெரிக்க லொறி இங்கிலாந்தில் உருமாறி, இங்கே வந்து பாலைமரமும் வேப்பமரமும் பூட்டிக்கொண்டது. பிறகு சண்டைக் காலம். 1990க்குப் பிறகு வடக்குக்குப் பெற்றோல் தடை. கொஞ்சப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். உதிரிப்பாகம் வராதபோது ஒன்றில் இருந்ததைக் கழற்றி இன்னொன்றுக்குப் பூட்டினார்கள். தொழிற்சாலையை விட்டு வந்த மாதிரியே இருக்கிற ஒரு தட்டிவானை எங்கட ஊரில் தேடினால் கிடைக்காது. கிடைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

"பிரேக்கை மாத்தினா ஒறிஜினல் போயிடும்" என்ற பேச்சு எங்களுக்குக் கொஞ்சம் விசித்திரமாகப் படுவது இதனால்தான். மாற்றி மாற்றித்தான் அது இவ்வளவு காலம் உயிரோடு இருந்திருக்கிறது.

றோட்டு மாறிவிட்டது

முந்தி இந்த வாகனங்களுக்கு இருந்த மிகப் பெரிய பிரேக், றோட்டிலிருந்த குழிதான். கிடங்கும் பள்ளமுமாகக் கிடந்த றோட்டில் முப்பதுக்கு மேல் போக யாராலும் முடியாது. சண்டை முடிந்த பிறகு ஏ9 உட்படப் பெரிய றோட்டுகள் காப்பெற் றோட்டுகளாகின. அதே லொறி, அதே பிரேக், இப்போது அறுபதில் ஓடுகிறது. முன்னால் ஓட்டோ வெட்டிக்கொண்டு உள்ளிடும். மாடு றோட்டில் படுத்திருக்கும். நல்ல பிரேக் உள்ள புது வான் ஒன்று சடாரென்று நிற்கும். பின்னால் வருகிற 70 வயது லொறி நிற்க வேண்டுமே.

கணக்கைப் பார்ப்போம். வேகம் இரண்டு மடங்கானால் நிற்பதற்கான தூரம் நாலு மடங்காகும். இது பௌதிகம், பிரேக் எவ்வளவு நல்லதென்றாலும் மாறாது. நல்ல பிரேக் உள்ள வாகனம் ஒவ்வொரு செக்கனும் தன் வேகத்தில் செக்கனுக்கு 7 மீற்றரைக் குறைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அறுபது கிலோமீற்றர் வேகத்தில் போனால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 20 மீற்றரில் நிற்கும். அதில் பாதிச் சக்தி மட்டுமே உள்ள பிரேக் என்றால் 40 மீற்றர். கண் கண்டு, கால் பெடலுக்குப் போக ஒரு செக்கன் எடுத்தால் அதற்குள்ளேயே இன்னும் 17 மீற்றர் போய்விடும். மொத்தம் 57 மீற்றர். நல்ல பிரேக்குள்ள வாகனம் நின்றுவிட்ட இடத்தில் இந்த லொறி இன்னமும் கணிசமான வேகத்தோடு போய்க்கொண்டிருக்கும். அந்த 20 மீற்றர் வித்தியாசத்துக்குள் ஒரு மஞ்சள் கோட்டுக் கடவை முழுக்க அடங்கும். இந்தக் கட்டுரையின் பிரச்சினை முழுக்க அந்த 20 மீற்றர்தான்.

யாழ்ப்பாணம் மேசை மாதிரித் தட்டையான நிலம். அதனால் பழைய பிரேக்கின் பாதி வருத்தம் இங்கே தெரியவே தெரியாது. அதே லொறியைச் சுற்றுலா எண்டு கடுகண்ணாவை இறக்கத்துக்கோ, கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகிற 18 வளைவுக்கோ கொண்டுபோனால் வேறு கதை. ஊரில் நன்றாகப் பிடித்த பிரேக், அங்கே நாலாவது வளைவில் பிடிக்காமல் போகலாம்.

பழைய பிரேக்கில் என்ன குறை?

இங்கே கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். விசயம் கஷ்டமில்லை.

தொடக்க கால லொறிகளில் பெடலுக்கும் சில்லுக்கும் இடையில் கம்பியும் கேபிளும்தான். செவர்லே 1936இலும் போர்ட் 1939இலும் ஹைட்ரோலிக் பிரேக்குக்கு மாறின. அதாவது பெடலை மிதிக்க, மாஸ்ரர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஓயில் அழுத்தப்பட்டு, குழாய் வழியாகப் போய், ஒவ்வொரு சில்லிலும் உள்ள வீல் சிலிண்டரைத் தள்ளும். அது பிரேக் ஷூவை ட்ரம்மின் உள்பக்கத்தில் அழுத்தும். உரசலில் சில்லு நிற்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாலு பலவீனங்கள் இருக்கின்றன.

முதலாவது, எல்லாச் சில்லுக்கும் ஒரே ஓயில் பாதை. ஒரு றப்பர் குழாய் வெடித்தால், ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினால், நாலு சில்லின் பிரேக்கும் ஒன்றாகப் போய்விடும். பெடல் நிலத்தைத் தொடும், லொறி போய்க்கொண்டே இருக்கும். இதற்குத்தான் பிறகு மாஸ்ரர் சிலிண்டரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதை போனாலும் மற்றது வேலை செய்கிற மாதிரிச் செய்தார்கள். அமெரிக்காவில் கார்களுக்கு இது சட்டப்படி கட்டாயமானது 1968இல். அதற்கு முந்திய எங்கட லொறிகள் பெரும்பாலும் ஒற்றைப் பாதையோடுதான் ஓடுகின்றன.

இரண்டாவது, சூடு. ட்ரம் சூடாக, அது வெளிப்பக்கமாக விரியும், ஷூவை விட்டு விலகும். பெடல் இன்னும் இன்னும் கீழே போக வேண்டி வரும். லைனரும் சூட்டில் தன் பிடியை இழக்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக் "செத்துப்போறது" இப்படித்தான். மழைத்தண்ணி உள்ளே போனாலும் பிடி குறையும். டிஸ்க் பிரேக்கில் தட்டு காற்றுக்குத் திறந்தே இருக்கிறது. சூடு சீக்கிரம் வெளியேறும், தண்ணியும் வழிந்துவிடும். 1953இல் லே மான் 24 மணிநேர ஓட்டப் போட்டியில் ஜாகுவார் கார்கள் டிஸ்க் பிரேக்கோடு வென்ற பிறகுதான் உலகம் அதைக் கவனித்துப் பார்த்தது.

மூன்றாவது, ஓயில். சாதாரண பிரேக் ஓயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டொட் 3 ஓயில் 205 பாகை செல்சியஸுக்குக் கீழே கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். ஓயில் கொதித்தால் நீராவி உண்டாகும். நீராவியை அழுத்தலாம், ஆனால் அது சில்லுக்குச் சக்தியைக் கொண்டுபோகாது. பத்து வருசம் மாற்றாத ஓயிலோடு மலையேறுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அவசரத்துக்கு எஞ்சின் ஓயில் விடுகிற கதையும் உண்டு. அது பிரேக் றப்பரை ஊத வைத்துக் கெடுத்துவிடும்.

நாலாவது, காலின் பலம். இப்போதைய வாகனங்களில் எஞ்சினின் உறிஞ்சல் சக்தியைப் பாவித்து பெடலுக்கு உதவுகிற பூஸ்டர் இருக்கிறது. பல பழைய லொறிகளில் டிரைவரின் தொடைதான் பூஸ்டர். ஐம்பது வயது டிரைவர் ஐயா பழக்கத்தில் மிதிப்பார். வாடகைக்கு எடுத்து ஓட்டுகிற இருபது வயதுப் பெடியன், புது வானின் பழக்கத்தில் மெல்ல மிதித்தால் ஒன்றும் நடக்காது.

முன்பக்கத்தைத் தனியாக விட முடியாது

பிரேக் பிடிக்கும்போது வாகனத்தின் பாரம் முன்னால் சாயும். நிறுத்துகிற வேலையில் பெரும்பகுதியை முன் சில்லுகள்தான் செய்கின்றன. அப்படியானால் அந்த முன் சில்லுகளைப் பிடித்து வைத்திருக்கிற சாமான்கள் எப்படி இருக்கின்றன என்பதும் பிரேக்கின் கேள்விதான்.

இந்த லொறிகளில் முன்னால் ஒரு தடித்த இரும்பு அக்சில். அது இரண்டு பக்கமும் ஸ்பிரிங் தகடுகளில் இருக்கும். அக்சிலின் இரண்டு அந்தத்திலும் கிங் பின். அதைச் சுற்றித்தான் சில்லு திரும்பும். கிங் பின்னும் அதன் புஷ்ஷும் தேய்ந்தால் சில்லு ஆடும். ஸ்பிரிங் தகட்டின் பின்னும் புஷ்ஷும் தேய்ந்தால் அக்சிலே ஆடும். தகடுகள் வளைவு இழந்து ஒரு பக்கம் சாய்ந்தால் லொறி அந்தப் பக்கம் இழுக்கும். ஒரு பக்க வீல் சிலிண்டர் ஒழுகி லைனரில் ஓயில் பட்டிருந்தால் ஒரு பக்கம் பிடிக்கும், மற்றப் பக்கம் வழுக்கும். இவ்வளவும் ஒன்றாகச் சேர்ந்தால், சடன் பிரேக் போடுகிற நேரம் ஸ்ரேரிங் கையை விட்டுப் பறக்கும்.

இந்த இடத்தில்தான் அரைகுறை வேலை ஆபத்தாகிறது. ஆடுகிற முன்பக்கத்துக்குப் பலமான டிஸ்க் பிரேக் பூட்டினால் நிலைமை முந்தியதை விட மோசமாகும். பிரேக் சில்லைப் பிடிக்கும் அதே சக்தி அக்சிலை முறுக்கும். அந்த முறுக்கைத் தாங்குவது ஸ்பிரிங் தகடுகள். தகடு நெகிழ்ந்தால் கிங் பின்னின் சரிவு மாறும், லொறி நேராகப் போக மறுக்கும். நாங்கள் பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் சேர்த்தே சொல்வது இதனால்தான்.

யூரியூப்பைப் பார்த்துச் செய்ய முடியாது

இந்த விசயத்தை இணையத்தில் தேடினால் வந்து குவிகிறது முழுக்க அமெரிக்க வீடியோக்கள். அங்கே பெரும்பாலும் செய்கிறது செவர்லே 3100 மாதிரியான, 1947க்கும் 1955க்கும் இடையில் வந்த அரைத் தொன் பிக்அப்புகளுக்கு. பழைய முன் அக்சிலை வெட்டி எறிந்துவிட்டு, 1974இல் வந்த போர்ட் மஸ்டாங் 2 காரின் வடிவமைப்பைப் பின்பற்றிய முன்பக்கத்தை சேஸியில் வெல்ட் பண்ணுவார்கள். இரண்டு சில்லும் தனித்தனியாக ஏறி இறங்கும், டிஸ்க் பிரேக்கும் சேர்ந்தே வரும், கார் மாதிரி ஓடும். அங்கே அதற்கென்றே பெட்டியில் போட்டு சாமான் விற்கிறார்கள்.

பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அது ஒரு சின்னக் காரின் முன்பக்கம். வெறும் பெட்டியோடு ஓடுகிற பிக்அப்புக்குப் போதும். மரவுடம்பும், முப்பது பேரும், தேங்காய் மூட்டையும் ஏறுகிற லொறிக்கு அது பொருந்தாது. சேஸியை வெட்டுகிற வேலையில் வெல்ட் ஒன்று பிழைத்தால் முன்பக்கமே கழன்று போகும். வெட்டினதைத் திரும்ப ஒட்டி, பழைய மாதிரிக் கொண்டுவரவும் முடியாது.

சின்னச் சின்னப் பொறிகளும் உண்டு. பழைய லொறிகளில் மாஸ்ரர் சிலிண்டர் காலுக்குக் கீழே, சேஸியோடு இருக்கும். முன் சில்லில் டிஸ்க் பூட்டினால் அதன் கலிப்பர், ஓயில் டாங்கியை விட உயரத்தில் வரக்கூடும். ஓயில் மெல்ல மெல்லப் பின்னால் வடிந்து, அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் வெறுமையாகப் போகும். அதைத் தடுக்க ஒரு சின்ன வால்வு தேவை. டிஸ்க்குக்கு 2 பிஎஸ்ஐ, ட்ரம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது வழக்கமான அளவு. முன் டிஸ்க்குக்கும் பின் ட்ரம்முக்கும் அழுத்தத்தைப் பகிர இன்னொரு வால்வும் வேண்டும். இல்லாவிட்டால் பின் சில்லு முதலில் இறுகி, லொறியின் பின்பக்கம் முன்னுக்கு வரப் பார்க்கும். ஆக "ஒரு ஜப்பான் லொறியிட சாமானை எடுத்துப் பூட்டினாச் சரி" என்ற கதையும் பாதி உண்மைதான். இசுசு எல்ப், மிட்சுபிசி கன்ரர் போன்றவற்றின் சாமான்கள் நாடு முழுக்கக் கிடைக்கும், நல்ல வழிதான். ஆனால் சிலிண்டர் அளவு, சில்லின் அளவு, தாங்கும் பாரம் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா எண்டு தெரிந்த ஒருவர் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அப்ப என்ன செய்யிறது?

நாங்கள் பல கராஜ்களில் போய் நின்று கேட்டதிலும் வாசித்ததிலும் இருந்து எங்களுக்கு நியாயமாகப் பட்ட ஒழுங்கு இது.

முதலில் இருக்கிறதை முழுசாகச் சரிப்படுத்துங்கள். எல்லா றப்பர் குழாய்களும், வீல் சிலிண்டர்களும், கறள் பிடித்த இரும்புக் குழாய்களும் புதிதாக. ட்ரம் அளவுக்கு மிஞ்சித் தேய்ந்திருக்கிறதா எண்டு பார்த்து, லைனர் புதிதாக அடித்து, ஷூ ட்ரம்மின் வளைவுக்கு முழுசாகப் படுகிறதா எண்டு பார்த்து, புது ஓயில் விட்டு, எயார் முழுக்க எடுத்து. சரியாகச் செட் பண்ணிய நல்ல ட்ரம் பிரேக், சரியில்லாமல் பூட்டிய டிஸ்க்கை விட ஆயிரம் மடங்கு மேல். பழைய பிரேக்கைக் குறை சொல்கிற பலர், அது ஒழுங்காக இருக்கும்போது எப்படிப் பிடிக்கும் எண்டு ஒருநாளும் பார்த்ததில்லை.

இரண்டாவதாக, முன்பக்கம். கிங் பின், புஷ், ஸ்பிரிங் பின் எல்லாம் மாற்றுங்கள். தகடுகளைக் கழற்றி வளைவு எடுங்கள். ஷொக் அப்சோபர் வேலை செய்கிறதா பாருங்கள். ஸ்ரேரிங் பெட்டியின் விளையாட்டைக் குறைத்து, சில்லுகளை அலைன்மென்ற் பண்ணுங்கள். ஒரே அக்சிலில் ரேடியல் ரயர் ஒன்றும் பழைய மாதிரி ரயர் ஒன்றும் பூட்டாதீர்கள்.

மூன்றாவதாக, இரட்டைப் பாதை மாஸ்ரர் சிலிண்டர். ஒரேயொரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் நாங்கள் இதைத்தான் சொல்வோம். வெளியில் இருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. அதோடு பூஸ்டர் ஒன்று. டீசல் எஞ்சின் மாற்றிய லொறிகளில் பெற்றோல் எஞ்சினில் கிடைக்கிற உறிஞ்சல் கிடைக்காது, தனியாக வக்கியூம் பம்ப் வேண்டும். இதை மறந்துவிட்டால் பூஸ்டர் வெறும் தகரம்.

நாலாவதாக, அதற்குப் பிறகும் தேவையென்றால் மட்டும் முன் டிஸ்க். பழைய அக்சிலிலேயே, வெட்டாமல், போல்ட் போட்டுப் பூட்டுகிற மாதிரி. அக்சிலையே மாற்றுகிற யோசனை இருந்தால் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள். கடைசியாக, பின்னால் வருகிறவனுக்குத் தெரிகிற மாதிரி இரண்டு பிரேக் லைற். நாங்கள் நின்றால் மட்டும் போதாது, நிற்கிறோம் எண்டு பின்னால் வருகிறவனுக்கும் தெரிய வேண்டும்.

மூன்று மறுப்புகள்

"மரபை அழிக்கிறியள்" என்பது முதலாவது. கலைப்பீடத்தில் தொல்லியல் படிக்கிறவர்களுக்கு 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் தெரிந்திருக்கும். கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றியது. பழைய வாகனங்களுக்கும் அப்படி ஒரு சாசனம் இருக்கிறது. ஃபீவா என்ற சர்வதேசச் சம்மேளனத்தின் துரின் சாசனம். பிற்காலத்தில் அவசியமாகிற மாற்றங்களை அது முற்றாக மறுக்கவில்லை. மாற்றம் வாகனத்தின் தோற்றத்தையும் கட்டமைப்பையும் மதிக்க வேண்டும், திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கூடியதாக இருக்க வேண்டும், கழற்றிய முக்கிய பாகங்களைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்பதுதான் அதன் போக்கு. இதை விட நியாயமான வழி எங்களுக்குத் தெரியவில்லை. கழற்றிய மாஸ்ரர் சிலிண்டரை ஓயில் துணியில் சுற்றி, பெயர் எழுதி, பெட்டியில் போட்டு வையுங்கள். என்ன மாற்றினோம், எப்போது மாற்றினோம் எண்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். 1958இல் ஸ்ரீ எழுத்துக்காக வாகன இலக்கத்தகட்டில் தார் பூசிய சனம் நாங்கள். ஒரு பழைய லொறியின் இலக்கத்தகடும், பலகையில் கையால் எழுதிய பெயரும், தச்சரின் உளி பட்ட இடமும் எங்களுக்கு வரலாறு. ஒழுகுகிற வீல் சிலிண்டர் வரலாறு இல்லை.

"காசுக்கு எங்க போறது?" என்பது இரண்டாவது. இதுதான் உண்மையான மறுப்பு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தது. இடையில் 2022இன் நெருக்கடி. உதிரிப்பாகத்தின் விலை எங்கே போனது எண்டு எல்லாருக்கும் தெரியும். ஆனால் நாங்கள் கேட்பது வேறு. முழு பெயின்ற்றுக்கும், குரோம் பூச்சுக்கும், புது மெத்தைக்கும் கிடைத்த காசு, பிரேக்குக்கு வரும்போது மட்டும் ஏன் இல்லாமல் போகிறது? காசு குறைவென்றால் ஒழுங்கை மாற்றுங்கள். பழைய பெயின்ற்றோடு ஒரு வருசம் ஓடலாம். யாரும் சாகமாட்டார்கள்.

"அந்தக் காலத்தில இதாலதானே ஓடினவங்கள்" என்பது மூன்றாவது. ஓடினார்கள். ஆனால் அவர்கள் ஓடிய விதம் வேறு. இறக்கத்துக்கு முன்னமே கியரைக் குறைத்து, எஞ்சினாலேயே வேகத்தைப் பிடித்து, முன்னால் போகிற வாகனத்துக்கு நூறு முழம் விட்டு ஓடினார்கள். காலையில் எடுக்க முன்னம் குனிந்து சில்லின் உள்பக்கம் ஓயில் வடிகிறதா எண்டு பார்ப்பார்கள். அந்தக் கைப்பழக்கம் பிரேக்கின் பாதி. இன்று வாகனம் மட்டும்தான் கைமாறியிருக்கிறது, அந்தப் பழக்கம் கைமாறவில்லை. கராஜில் ஒரு அண்ணை எங்களிடம் சொன்னார்: "தம்பியவை, இந்த லொறிக்கு நான் பிரேக் செய்து குடுப்பன். ஆனா ஓடுற ஆளையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ, அவருக்கும் கொஞ்சம் சொல்லவேணும்." நாங்கள் கேட்ட ஆலோசனைகளில் இதை விடத் தெளிவானது வேறில்லை.

கராஜ் பெடியங்களும் இருக்கிறார்கள்

இன்னொரு விசயம், பெரும்பாலும் யாரும் கதைக்காதது. பழைய பிரேக் லைனர்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். ட்ரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கிற கறுப்புத் தூளை எயார் பைப்பால் ஊதுவது எங்கட கராஜ்களில் வழக்கம். அந்தத் தூளைச் சுவாசித்தால் நுரையீரல் நோயும் புற்றுநோயும் வரலாம், வருசங்கள் கழித்து. ஊதுகிறவர் பெரும்பாலும் கராஜின் ஆகச் சின்னப் பெடியன். தண்ணி அடித்து நனைத்துத் துடைத்தால் தூள் பறக்காது. நல்ல முகக்கவசம் ஒன்று வாங்கிக் கொடுத்தால் பெரிய செலவில்லை. புது லைனர் வாங்கும்போது அஸ்பெஸ்டஸ் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு தட்டிவானைக் காப்பாற்ற ஒரு பெடியனின் நெஞ்சைக் கொடுக்க முடியாது.

சட்டம் பாக்கிறதும் பாக்காததும்

லொறிக்கும் பஸ்ஸுக்கும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அது நல்லது. ஆனால் அந்தச் சான்றிதழை ஒரு கடதாசி வேலையாகப் பார்க்கிற பழக்கம் எங்களிடமும் இருக்கிறது. 2008இலிருந்து புகைப் பரிசோதனை இருக்கிறது. தனியார் காரென்றால் புகை மட்டும் பார்த்தால் போதும், பிரேக்கை யாரும் பார்ப்பதில்லை. புகைக்கு இவ்வளவு யோசித்த நாடு, பழைய வாகனங்களின் பிரேக்கை வருசத்துக்கு ஒருமுறை இயந்திரத்தில் ஏற்றி ஒழுங்காக அளக்கிற ஏற்பாட்டையும் மாவட்டம் தோறும் செய்ய வேண்டும். அதோடு, வெட்டாமல் கொத்தாமல் செய்கிற பாதுகாப்பு மாற்றங்களுக்குத் தெளிவான, எளிமையான அனுமதி முறையும் வேண்டும். ஒழுங்காகச் செய்கிறவனை அலைய விட்டால், களவாகச் செய்கிறவன்தான் கூடுவான்.

அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நாங்கள் வாடகைக்குப் பிடிக்கிறவர்கள், படம் எடுக்கிறவர்கள், லைக் போடுகிறவர்கள். எங்களிடமும் கொஞ்சம் அதிகாரம் இருக்கிறது. அடுத்த முறை கலியாணத்துக்குத் தட்டிவான் பிடிக்கும்போது, மாலை கட்டுகிற செலவைக் கேட்கிற அதே வாயால், "அண்ணை, பிரேக் கடைசியா எப்ப செய்தது? மாஸ்ரர் சிலிண்டர் ஒற்றையா இரட்டையா?" எண்டும் கேளுங்கள். நல்ல சொந்தக்காரருக்கு அந்தக் கேள்வி சந்தோசமாக இருக்கும். தான் காசு போட்ட இடத்தை ஒருத்தர் கவனித்துக் கேட்கிறாரே எண்டு, குனிந்து சில்லுக்குள்ளே காட்டிக் கதைக்கத் தொடங்கிவிடுவார். முகத்தைச் சுழிக்கிறவரின் வாகனத்தில் பொம்பிளை மாப்பிளையை ஏற்றாதீர்கள். முன்னால் நிறுத்திப் படம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.